பந்தய வீரனின் மைந்தன் நுவரெலியா வந்த கதை

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியா புதுக்கோலம் பூண்டுவிடும். கிரகரி வாவியை அடுத்த பந்தய மைதானத்தில் குதிரைகள் ஓடும் அழகைக் காண, தோட்டத்து மக்களும் குழந்தை குட்டிகளோடு வந்து கூடுவர். அந்த மைதானம் ஏற்பட்டது 1875ஆம் ஆண்டில். ஆனால் அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே உயர்குலத்துக் குதிரையொன்று இம்மலையை நாடி வந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைக்க முனைந்தார். கப்பலில் அவர் கொண்டுவந்தவை காளை, பசு, மூன்று செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள். அவற்றோடு ஒரு ஜாதி ஆண்குதிரை. இவற்றையெல்லாம் 1855இல் வெளியிட்ட தம் நூலில் வரிசைப்படுத்தும் பேக்கர், அக்குதிரையின் பெயரைச் சொல்லவில்லை. ‘பன்னிரண்டாம் சார்ள்ஸின் மகன்’ என்ற குறிப்போடு நிறுத்திக்கொள்கிறார். அதுவே போதும் என்பது அவர் எண்ணம்.

யார் இந்தப் பன்னிரண்டாம் சார்ள்ஸ்? சுவீடன் நாட்டு அரசரின் பெயரைத் தாங்கிய பந்தயக் குதிரை அது. அதன் தந்தையின் பெயர் வோல்ட்டயர். சுவீடன் அரசரின் சரித்திரத்தை எழுதிய பிரெஞ்சு அறிஞரும் வோல்ட்டயரே! பெயரிட்டவரின் நகைச்சுவையை என்னென்பது!

1839ஆம் ஆண்டு டொன்காஸ்டர் நகரில் நடந்த பிரசித்தி பெற்ற சென்ற் லெஜர் பந்தயத்தில், சார்ள்ஸும் யூக்ளிட் என்ற குதிரையும் எல்லைக் கோட்டை ஒரே கணத்தில் தொட்டன. அக்கால வழக்கப்படி இரண்டையும் மீண்டும் ஓடவிட்டார்கள். களைத்த உடலோடு ஓடிய அம்மறு ஓட்டத்தில், மிகச் சிறிய இடைவெளியில் சார்ள்ஸ் வென்றது. பின்னர் 1841இலும் 1842இலும் குட்வூட் கிண்ணமும் அதற்கே கிடைத்தது. விந்தை என்னவெனில், வோல்ட்டயரின் மற்றொரு மகனான வோல்ட்டிஜர் 1850இல் அதே சென்ற் லெஜரை வென்றதும் இவ்வாறே சமநிலைக்குப் பின் நடந்த மறு ஓட்டத்தில்தான்.

ஓட்டக்களத்தில் ஒரு குதிரையின் புகழ் சில ஆண்டுகளே நிற்கும். அதன் பின்னர் அதன் மதிப்பு அதன் சந்ததியில் இருக்கிறது. பெட்டைக் குதிரை பதினொரு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். ஆண்குதிரையோ ஓர் ஆண்டில் பல குட்டிகளுக்குத் தந்தையாகலாம். ஆகவே 1791 முதல் இங்கிலாந்தில் வம்சப் பதிவேடு அச்சிட்டுக் காத்து வருகிறார்கள். அதனைப் புரட்டினால், 1764இல் சூரிய கிரகணத்தன்று பிறந்து, ஓடிய 18 பந்தயங்களிலும் தோல்வியே காணாத எக்லிப்ஸ் என்னும் குதிரையின் ஏழாம் தலைமுறை வாரிசே நுவரெலியாவுக்கு வந்த குதிரை என்பது விளங்கும்.

பேக்கரின் நூலில் மற்றொரு சம்பவமும் உண்டு. அவருடைய குதிரைக்காரன் ஓட்டி வந்த புத்தம்புதிய வண்டி, றம்பொடை மலைப்பாதையில் குதிரைகளோடு ஏறத்தாழ 80 அடிப் பள்ளத்தில் உருண்டது. அதைத் தூக்குவதற்கு நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவருடைய பெயரேனும் அந்நூலில் இல்லை. தந்தை பெயரைக் கேட்பானேன்!

சரியாக நூறு ஆண்டுகள் சென்றன. கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டு மக்களைப் பார்த்து, “உன் தந்தை இந்நாட்டில் பிறந்தாரா? அன்றேல் பாட்டனாரும் பூட்டனாரும் பிறந்தனரா? அத்தாட்சி எங்கே?” என்று கேட்டது. காடு வெட்டிக் கொழுந்து கிள்ளியவர்களிடம் பதிவேடு ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்து வந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

குதிரைக்கு ஏழு தலைமுறையை எழுதி வைத்தவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. இன்று மாலை வீட்டுப் பெரியவர்களை அருகில் இருத்தி, அவர்தம் தந்தை யார், பாட்டனார் யார், எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் பிறந்தனர் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்போமாக. நம் பிள்ளைகளுக்கு அதனினும் சிறந்த முதுசொம் வேறில்லை.