உடைமையும் காவலும்: நம்பிக்கைப் பொறுப்பு என்னும் சட்டக் கருத்தாக்கமும் அறங்காவலர் கடமைகளும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் ‘அறங்காவலர்’ என்னும் ஒரே சொல், சட்டத்தில் வெவ்வேறு நிலைகளில் உள்ள மூவரைக் குறிக்க வழங்குகிறது. தனியார் பயனுக்காகச் சொத்தை வைத்திருப்பவர், பொது அறக்கட்டளையை நடத்துபவர், கோயில் நிருவாகத்தை ஏற்றவர் என்போர் அம்மூவர். முதலாமவர் சொத்தின் சட்டவழி உடைமையாளர். மூன்றாமவர் உடைமையாளரே அல்லர். இவ்வேறுபாடு இருந்தும் அவர்களுக்குரிய கடமைகள் பெரிதும் ஒன்றாக இருப்பது ஏன் என்பதை, 1882ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நம்பிக்கைப் பொறுப்பு, அறங்காவலர், பயனாளி, பயனுரிமை, பொறுப்பு மீறல், சமயக் கொடை.

முன்னுரை

ஒருவர் தம் இளவயது மகளின் கல்விக்கென ஒரு வீட்டைத் தம் தம்பியின் பெயருக்குப் பதிவு செய்துவைக்கிறார். வாடகையை மகளுக்குச் செலவிட்டு, அவள் உரிய வயதை அடைந்ததும் வீட்டை அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஆவணத்தின் விதி. சில ஆண்டுகளில் அவர் இறந்துவிடுகிறார். பத்திரத்தில் உள்ள பெயர் தம்பியுடையது. வரி செலுத்துபவரும் அவரே. அவ்வீடு யாருடையது? பதிவேட்டை மட்டும் பார்த்தால் தம்பியுடையது. ஆனால் அதன் பயன் மகளுக்கு உரியது. உடைமையை ஒருவரிடமும் பயனை மற்றொருவரிடமும் வைத்து, அவ்விரண்டையும் கடமையால் பிணைப்பதே நம்பிக்கைப் பொறுப்பு.

தமிழ்நாட்டு வழக்கில் இதனை ‘அறக்கட்டளை’ என்றே பெரும்பாலும் குறிப்பிடுகிறோம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஈகை என்னும் பொருளில் அறம் எதுவும் இல்லை. அது குடும்ப ஏற்பாடு மட்டுமே. ஆகவே பொதுக் கருத்தாக்கத்தை ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்றும், பொது நன்மைக்கான வடிவத்தை மட்டும் ‘அறக்கட்டளை’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. இலங்கையில் இதற்கென அமைந்த அரசுத் துறையே பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களம் என்று பெயர் பெற்றிருப்பது இச்சொல்லாட்சிக்குத் துணை நிற்கிறது.

கருத்தாக்கத்தின் தோற்றம்

இக்கருத்தாக்கம் இங்கிலாந்தில் வளர்ந்தது. இடைக்கால இங்கிலாந்தில் நிலவுடைமையாளர்கள் தம் நிலத்தை நண்பர்களுக்கு மாற்றிக் கொடுத்து, அதன் பயன் தம் குடும்பத்தாருக்குச் சேர வேண்டும் எனக் கேட்டுக்கொண்டனர். பொதுச்சட்ட நீதிமன்றங்கள் நிலம் பெற்றவரை மட்டுமே உடைமையாளராகக் கண்டன. அவர் வாக்குத் தவறினாலும் குடும்பத்தாருக்கு அங்கே தீர்வு இல்லை. சான்சலரின் நீதிமன்றமோ உடைமையை மறுக்காமல், உடைமையாளரின் மனச்சான்றைக் கட்டுப்படுத்தியது. ‘நிலம் உம்முடையதே, ஆனால் அதை உமக்காகப் பயன்படுத்த இயலாது’ என்பதே அதன் நிலைப்பாடு. ஈக்விட்டி எனப்படும் நேர்மைநெறி இதிலிருந்து விரிவுபெற்றது. 1535ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயன்கள் பற்றிய சட்டம் இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்த முயன்றது. எனினும் கருத்தாக்கம் அழியாமல் புது வடிவில் தொடர்ந்தது.

சொத்தை ஒருவரிடம் ஒப்படைத்து அதன் பயனை நிலைத்த நோக்கத்துக்கு உரியதாக்கும் எண்ணம் தமிழகத்துக்கும் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நுந்தா விளக்குக்கென 96 ஆடுகள் அளிக்கப்பட்டு, அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கப்படுகின்றன. ஆடுகள் இறக்கலாம், மூப்படையலாம். ஆனால் பொறுப்பேற்றவர் எண்ணிக்கையைக் குறையாது காத்து நெய் அளக்க வேண்டும். முதல் குறையாமல் பயன் தொடர வேண்டும் என்னும் நெறி அத்தொடரில் செறிந்துள்ளது. எனினும் இதனை ஆங்கிலச் சட்டத்தின் நம்பிக்கைப் பொறுப்போடு ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். கல்வெட்டுக் காட்டுவது கொடையும் காவலும். உடைமையை இரண்டாகப் பகுக்கும் கோட்பாடு அங்கே இல்லை. இவ்வேறுபாடு பிற்காலத்தில் நீதிமன்றத்தின் முன்னும் எழுந்தது.

1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை

இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, நம்பிக்கைப் பொறுப்பைச் சொத்தின் உடைமையோடு இணைந்த கடப்பாடாக வரையறுக்கிறது. உடைமையாளர்மீது வைக்கப்பட்டு அவர் ஏற்றுக்கொண்ட நம்பிக்கையிலிருந்தோ, அவரே அறிவித்து ஏற்ற நம்பிக்கையிலிருந்தோ அது எழுகிறது; பிறர் நன்மைக்காகவோ, பிறரும் உடைமையாளரும் சேர்ந்த நன்மைக்காகவோ அமைகிறது. உருவாக்குநர், பொறுப்பாளர், பயனாளி, பொறுப்புச் சொத்து ஆகிய நான்கும் இதன் உறுப்புகள். 6ஆம் பிரிவின்படி நோக்கம், பயனாளி, சொத்து ஆகியவை ஐயத்துக்கிடமின்றிக் குறிக்கப்பட வேண்டும். அசையாச் சொத்தாயின் கையொப்பமிட்டுப் பதிவு செய்த ஆவணமோ விருப்ப ஆவணமோ தேவை என்கிறது 5ஆம் பிரிவு.

ஒப்பந்தத்திலிருந்து இது வேறுபடும் இடம் கருதத்தக்கது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மகள் எந்த உடன்பாட்டிலும் கையொப்பமிடவில்லை. அத்தகைய ஏற்பாடு இருப்பதே அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் வழக்குத் தொடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. வீடு முறைகேடாக விற்கப்பட்டால், 63ஆம் பிரிவின்படி அச்சொத்தை அது சென்ற கைவரை பின்தொடரலாம். நம்பிக்கைப் பொறுப்பை அறியாமல் நன்னம்பிக்கையுடன் விலை கொடுத்து வாங்கியவரிடம் மட்டுமே அவ்வுரிமை தடைப்படுகிறது (பிரிவு 64).

பொறுப்பாளரின் கடமைகள்

எவரும் பொறுப்பை ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை (பிரிவு 10). ஏற்றபின் நினைத்தபோது விலகவும் இயலாது. நீதிமன்ற அனுமதி, உரிய தகுதியுடைய பயனாளியின் இசைவு, ஆவணம் தரும் தனி அதிகாரம் ஆகியவற்றுள் ஒன்று தேவை (பிரிவு 46). ஏற்றவரின் கடமைகளை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, கவனக் கடமை. பொறுப்பாளர் சொத்தின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும் (12). அதன் உரிமையைக் காக்க வேண்டும் (13). தம் சொந்தச் சொத்தாயின் இயல்பான முன்மதியுடைய ஒருவர் எவ்வளவு கவனம் செலுத்துவாரோ அவ்வளவு கவனம் செலுத்த வேண்டும் (15). இவ்வளவுகோல் பேரறிஞரையோ துணிச்சல் மிக்க வணிகரையோ எதிர்பார்ப்பதில்லை. சட்டம் தரும் எடுத்துக்காட்டில், கல்கத்தாவிலுள்ள பொறுப்பாளர் பம்பாயிலுள்ள பயனாளிக்கு ஐயமற்ற நாணயமுடைய ஒருவரின் உண்டியல் வழியாகப் பணம் அனுப்புகிறார். அந்த உண்டியல் செல்லாமற்போகிறது. அவ்விழப்பைப் பொறுப்பாளர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. தீய விளைவு மட்டுமே பொறுப்பு மீறலுக்குச் சான்றாகாது. உரிய கவனம் இருந்ததா என்பதே வினா.

இரண்டாவது, பற்றுறுதிக் கடமை. பயனாளிக்கு எதிராகத் தமக்கோ பிறருக்கோ உரிமை கோரக் கூடாது (14). பல பயனாளிகளிடையே பாரபட்சம் காட்டக் கூடாது (17). ஆவணமோ உடன்பாடோ நீதிமன்றமோ அனுமதிக்காதவரை ஊதியம் பெற உரிமையில்லை (50). பொறுப்புச் சொத்தைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது (51). இக்கடமையின் கடுமையை 1726ஆம் ஆண்டின் கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு வழக்கு காட்டுகிறது. சிறுவனுக்காக ஒரு சந்தையின் குத்தகையை வைத்திருந்தவர், காலம் முடிந்ததும் சிறுவன் பெயரில் அதைப் புதுப்பிக்கக் கேட்டார். நில உரிமையாளர் மறுத்தார். பின்னர் பொறுப்பாளர் தம் பெயரிலேயே குத்தகையைப் பெற்றார். சிறுவனுக்குக் கிடைக்க வாய்ப்பில்லாத ஒன்றையே அவர் பெற்றார், வஞ்சகமும் நிறுவப்படவில்லை. ஆயினும் குத்தகையும் ஆதாயமும் சிறுவனுக்கே உரியவை என நீதிமன்றம் முடிவு செய்தது. பொறுப்பாளர் அந்த வழியில் ஆதாயம் பெறலாம் எனின், சிறுவனுக்காக முழுமனத்தோடு முயல்வதற்கான தூண்டுதல் குறைந்துவிடும். தீங்கு நேர்ந்த பின் தண்டிப்பதைவிடத் தீங்குக்கான ஆசையையே அகற்றுவது இந்நெறியின் நோக்கம். இந்தியச் சட்டத்தின் 88ஆம் பிரிவு இதனை உள்வாங்கியுள்ளது.

மூன்றாவது, கணக்குக் கடமை. தெளிவும் துல்லியமும் உடைய கணக்கை வைத்திருப்பதும், பயனாளி கேட்கும்போது உரிய நேரத்தில் முழுத் தகவல் அளிப்பதும் 19ஆம் பிரிவின் ஆணை. மற்றைய கடமைகளுக்கு உயிர் கொடுப்பது இதுவே. கணக்கைக் காண இயலாத பயனாளி மீறலை அறியவே வழியில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் உறுப்பினராகும் தகுதியிலிருந்து விலக்கியது இங்கு நினைவுகூரத்தக்கது.

பொறுப்பாளர் பலராக இருக்கும்போது அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் (48). ‘கையொப்பம் மட்டுமே இட்டேன், மற்றவர்தாம் நடத்தினார்’ என்னும் வாதம் நடைமுறையில் அடிக்கடி எழுகிறது. உடன்பொறுப்பாளரின் தவறுக்கு மற்றவர் பொறுப்பல்லர் என 26ஆம் பிரிவு தொடங்கினாலும், சொத்தை அவரிடம் விட்டுவிட்டு உசாவாதிருத்தல், மீறலை அறிந்தும் மறைத்தல், உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்காதிருத்தல் ஆகியவற்றை விலக்குகளாக்கி அவ்வாதத்தின் வலிமையைக் குறைக்கிறது. கூட்டாக மீறியவருள் ஒவ்வொருவரும் முழு இழப்புக்கும் பொறுப்பாவர் (27).

கோயில் அறங்காவலர்: உடைமையில்லாத காவல்

1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1ஆம் பிரிவு வக்ஃபுகளையும் சமய, அறக் கொடைகளையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. அவ்வாறாயின் கோயில் அறங்காவலரின் நிலை யாது? வித்யா வருதி தீர்த்தர் எதிர் பாலுசாமி ஐயர் வழக்கில் 1921ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் இதனை ஆராய்ந்தது. மடத்தலைவர் ஒருவர் அளித்த நிரந்தரக் குத்தகையும், அதனை மீட்பதற்கான காலவரையறையும் அங்கே வினாவாயின. இந்துச் சட்டத்தில் சொத்து தெய்வத்துக்கோ நிறுவனத்துக்கோ உரியது. மடத்தலைவரும் கோயில் நிருவாகியும் அதன் மேலாளர்களே. ஆங்கிலச் சட்டம் கருதும் பொறுப்பாளர்கள் அல்லர் என அமீர் அலி வழங்கிய தீர்ப்பு கூறியது. எனினும் கடமைகளைப் பொறுத்தவரை அவர்கள் பொறுப்பாளர்களைப் போலப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றும் அது ஏற்றுக்கொண்டது.

இத்தீர்ப்புக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. பொறுப்பாளரிடமிருந்து பொறுப்புச் சொத்தை மீட்கக் காலவரம்பு இல்லை என்பது காலவரையறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. கோயில் நிருவாகி பொறுப்பாளரே அல்லர் எனின், அப்பாதுகாப்புக் கோயில் சொத்துக்குக் கிட்டாது. இக்குறையை நீக்க 1929ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது: இந்து, முஸ்லிம், பௌத்தச் சமய, அறக் கொடைகளின் சொத்து அக்கொடையின் நோக்கத்துக்கென ஒப்படைக்கப்பட்டதாகவும், அதன் மேலாளர் பொறுப்பாளராகவும் கருதப்பட வேண்டும் என்றது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விளக்கம் தொடர்கிறது. உடைமையாளர் அல்லர் என்று கூறிய சட்டமே, பயனைக் காக்கும் பொருட்டு அவரைப் பொறுப்பாளராகக் கொண்டது.

1959ஆம் ஆண்டுச் சட்டம் இதே வழியில் செல்கிறது. அதன் வரையறையில் அறங்காவலர் என்பவர் நிருவாகம் ஒப்படைக்கப்பட்டவர். சொத்து ஒப்படைக்கப்பட்டவர் அல்லர். 28ஆம் பிரிவு அவருக்கு விதிக்கும் கவன அளவுகோலோ, இயல்பான முன்மதியுடைய ஒருவர் தம் சொந்தச் சொத்தில் காட்டும் கவனமே. அசையாச் சொத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேற்பட்டுக் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லையேல் அது செல்லாது (34). உடைமையாளர் அல்லாதவர் என்பதால் காவல் இங்கு மேலும் இறுக்கமாகிறது.

பயனாளி யார் என்னும் வினாவும் இங்கே கடினமாகிறது. உச்ச நீதிமன்றம் தேவகி நந்தன் எதிர் முரளிதர் வழக்கில் (1956), சட்ட நோக்கில் சொத்து தெய்வத்துக்கு உரியதாயினும் உண்மைப் பயனாளிகள் வழிபடுவோரே என விளக்கியது. வழிபடுவோர் பெயர்ப்பட்டியலில் அடங்காத கூட்டம். தனியார் நம்பிக்கைப் பொறுப்பில் மகள் நேரே வழக்குத் தொடுக்கலாம். பொது அறக்கட்டளையில், அதில் அக்கறையுடைய இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவை நாடலாம். 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்ட கோயில்களுக்கு அப்பிரிவு பொருந்தாது. அறங்காவலரை நீக்கும் அதிகாரம் 53ஆம் பிரிவின்படி உரிய அதிகாரியிடம் உள்ளது. மூவரின் கடமைகள் ஒத்திருந்தாலும் அவர்களைத் தட்டிக்கேட்கும் வழிகள் வேறு என்பதை ‘அறங்காவலர்’ என்னும் பொதுச்சொல் மறைத்துவிடுகிறது.

பொது நெறிகளின் ஒருமை

பொது அறக்கட்டளைகளுக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பதால் அதன் நெறிகளும் பொருந்தா எனக் கூற இயலுமா? உத்தரப் பிரதேச அரசு எதிர் பன்சி தர் வழக்கில் (1974) உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. தனியார், பொது என்னும் இருவகைக்கும் பொதுவான நெறிகள் உள்ளன. அவை அச்சட்டத்தில் இடம்பெற்றதாலேயே பொது அறக்கட்டளைக்கு விலக்கானவை ஆகிவிடா. சட்டம் அந்நெறிகளைத் தோற்றுவிக்கவில்லை. தொகுத்தது என்பதே இதன் உட்பொருள்.

முடிவுரை

சட்டம் நம்பிக்கைப் பொறுப்பை உடைமையிலிருந்து தொடங்கி வரையறுக்கிறது. ஆனால் மேற்கண்ட வரலாறு, கடமைக்கு அடிப்படை உடைமை அன்று என்பதைக் காட்டுகிறது. உடைமை உள்ள இடத்தில் அது கடமையால் கட்டுண்கிறது. உடைமை இல்லாத இடத்திலும் கடமை தளர்வதில்லை. பிறருக்குரிய பயன் ஒருவரின் கைக்குள் வந்து, அப்பிறர் தாமே அதைக் காக்க இயலாத நிலையில் இருப்பதே அக்கடமையின் வேர். சிறுமி, தெய்வம், பெயரறியா வழிபடுவோர் ஆகிய மூவரும் இந்நிலையில் ஒத்தவர்கள்.

அவ்வகையில் ‘அறங்காவலர்’ என்னும் சொல்லின் பிற்பகுதி சட்டத்தின் சாரத்தைச் சரியாகவே சுட்டுகிறது: அவர் காவலர். முற்பகுதியோ, பணி ஈகையாகவும் பதவி சிறப்பாகவும் தோன்ற இடம் தருகிறது. காவலுக்கு உரியவர் பயனாளி. அவர் கேட்கும்போது கணக்கைக் காட்டுவது பெருந்தன்மை அன்று, கடன். தமிழில் சட்டம் பயிற்றுவிப்போர் இம்மூன்று நிலைகளையும் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்திக் காட்டின், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது பயனாளிக்கும் தெளிவாகும்.