எந்த மலையின் காப்பி?

மாம்பழம் வாங்கப் போகிறவர் அதன் ஊரையும் ஜாதியையும் விசாரிக்காமல் திரும்புவதில்லை. பலாப்பழத்துக்குப் பண்ருட்டி, மல்லிகைக்கு மதுரை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயரைச் சூட்டி மகிழ்வது நம் வழக்கம். ஆனால் நாள் தவறாமல் இருவேளை பருகும் காப்பி எந்த மலையில் விளைந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பதில் கிடைக்காது. "பீபரி பாதி, பிளாண்டேஷன் ஏ பாதி" என்பார்கள். பீபரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக உருண்டையாக ஒன்றே ஒன்று இருப்பதைக் குறிக்கும் சொல். "ஏ" என்ற எழுத்தோ பருப்பின் பருமனுக்கு இட்ட அடையாளம். இரண்டும் ஊர்ப் பெயர் அல்ல. காப்பியோடு நாம் சேர்த்துச் சொல்லும் ஒரே ஊர் கும்பகோணம். அங்கேயோ ஒரு காப்பிச் செடிகூடப் பயிராவதில்லை!

இந்த மறதிக்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போகவே, தோட்டக்காரர்களைக் காப்பதற்காக 1942-ல் காப்பிச் சட்டம் நிறைவேறிற்று. விளைந்த காப்பி முழுவதையும் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். போர்டு அதைத் தரம் பிரித்து ஏலத்தில் விற்கும். சிறு விவசாயிக்கு அது பெரும் பாதுகாப்பாக இருந்தது. ஆயினும் பல மலைகளின் பருப்பு தர வாரியாக ஒன்றோடொன்று கலந்தபோது, மலையின் பெயர் மறைந்து தரத்தின் பெயர் மட்டும் எஞ்சியது. 1990-களில் அந்த ஏற்பாடு படிப்படியாக விலகிற்று. ஐம்பது வருஷப் பழக்கம் மட்டும் நம் நாவிலும் கடைப் பலகைகளிலும் தங்கிவிட்டது.

ஒரு காப்பிக்கும் இன்னொரு காப்பிக்கும் ருசி வேறுபடுவது ஏன்? முதற் காரணம் ஜாதி. அராபிகா உயர்ந்த மலைகளில் வளர்வது. மணமும் மென்மையும் மிக்கது. ரோபஸ்டா தாழ்ந்த சரிவுகளிலும் தழைப்பது. அதில் காபீன் ஏறக்குறைய இரு மடங்கு, கசப்பும் கனமும் அதிகம். இரண்டாவது காரணம் உயரம். குளிர்ந்த மலையில் பழம் மெல்லப் பழுக்கிறது. பருப்பு இறுகி, நறுமணமும் இனிய புளிப்பும் கூடுகின்றன. மூன்றாவது, பழத்தைப் பக்குவம் செய்யும் முறை. தோலை நீக்கிக் கழுவி உலர்த்தினால் தெளிந்த ருசி கிடைக்கும். பழத்தோடு வெயிலில் காயவிட்டால் பழச்சுவை பருப்பில் ஏறும்.

இனி நமது மலைகளைப் பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடான் என்னும் முஸ்லிம் பெரியார் ஏமன் தேசத்திலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. பாபா புடான்கிரி, சிக்கமகளூர், குடகு, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவற்றின் அராபிகாவுக்கும், வயநாட்டு ரோபஸ்டாவுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இவற்றுள் அரக்கு நம் கவனத்துக்குரியது. 1922 முதல் 1924 வரை வெள்ளையராட்சியை எதிர்த்துப் போராடிய அல்லூரி சீதாராம ராஜுவின் பெயரை இன்று அந்த மாவட்டம் தாங்கியிருக்கிறது. அங்கே காப்பி பயிரிடுவோர் ஆதிவாசிக் குடும்பத்தினர். நம் தமிழ்நாட்டிலும் சேர்வராயன் மலை, பழனி மலையின் தாண்டிக்குடி, நீலகிரியின் கூடலூர் ஆகிய இடங்களில் காப்பி விளைகிறது. இந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் மர நிழலில் அமைந்தவை. நிழல் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம்.

மேற்குக் கடற்கரையில் ஒரு விசித்திரமான காப்பி உண்டு. பாய்மரக் கப்பல் காலத்தில் இந்தியக் காப்பி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பாவை அடைய மாதக்கணக்காகும். வழியெல்லாம் கடற்காற்றின் ஈரம் ஏறி, பருப்பு வெளுத்துப் பருத்துவிடும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களும் வந்தபின் பயணம் சுருங்கிற்று. பழைய ருசியும் போயிற்று. அந்த ருசியை விரும்பியவர்களுக்காக, பருப்பைத் தென்மேற்குப் பருவக் காற்றுப் படும்படி கிடங்குகளில் பரப்பிப் பதப்படுத்தும் முறை தோன்றியது. மலபார் மான்சூன் காப்பி என்பது இதுவே. புளிப்பு ஏறக்குறைய இல்லாத, கனத்த ருசி அதற்கு.

வெளிநாட்டுக் காப்பிகளை ஒப்பிட்டால் நமதன் தன்மை விளங்கும். அராபிகாவின் தாயகமான எத்தியோப்பியாவில் இர்கச்செஃபே பகுதிக் காப்பி மல்லிகையையும் எலுமிச்சையையும் நினைவூட்டும். கென்யாவின் காப்பியில் பழப்புளிப்பு தூக்கி நிற்கும். உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் பிரேஸிலின் காப்பி புளிப்புக் குறைந்து, வறுத்த கடலையின் வாசனையோடிருக்கும். சுமாத்ராவினுடையது மண்வாசனையும் கனமும் கொண்டது.

இவற்றை அறிய நாக்கைப் பழக்குவது கடினமான வித்தை அல்ல. சிக்கரி கலவாத, ஒரே அளவு இளவறுவலான இரண்டு மலைக் காப்பிகளில் நூறு நூறு கிராம் வாங்குங்கள். கொரகொரப்பாக அரைத்து, இரு கிண்ணங்களில் எட்டு கிராம் வீதம் இடுங்கள். கொதி அடங்கிய வெந்நீரை 150 மில்லி லிட்டர் வீதம் ஊற்றி, நான்கு நிமிஷம் காத்திருங்கள். மேலே திரண்ட ஆடையைக் கரண்டியால் விலக்கும்போது எழும் ஆவியை முகர வேண்டும். ஆறியபின் சர்க்கரையும் பாலும் இன்றிக் கரண்டியால் எடுத்து, சப்தம் வர உறிஞ்ச வேண்டும். ரசத்தை உறிஞ்சினால் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்ளலாம். இங்கே அதுவே முறை! ஒன்றை மட்டும் குடித்தால் "காப்பி" என்றுதான் தோன்றும். இரண்டை அடுத்தடுத்துக் குடித்தாலே வேற்றுமை தெரியும்.

காப்பியில் புளிப்பா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எலுமிச்சம்பழத்தின் புளிப்பு வேறு, கெட்டுப்போன மோரின் புளிப்பு வேறு. முந்தியதைத்தான் காப்பியில் தேடுகிறோம். அதற்காகப் பாலையும் பித்தளைப் பில்டரையும் துறக்க வேண்டுமென்பதில்லை. குடகின் அராபிகாவும் வயநாட்டு ரோபஸ்டாவும் கூடிய டிகாக்ஷன் பாலோடு சேரும்போது ஒரு தனி அழகு பெறுகிறது. ஆனால் கலவையில் சிக்கரி எவ்வளவு என்பதை உறையில் படித்தறிந்து வாங்குங்கள். நூற்றுக்கு 49 பங்கு வரை அது இருக்கச் சட்டம் இடம் தருகிறது. சிக்கரிக்கு மலை ஏது? அது வறுத்த வேர்.

இது வெறும் நாவின் சுகம் மட்டும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகச் சென்றவர்கள் மன்னாரிலிருந்து கண்டிச் சீமைக்குக் காட்டுவழியே நடந்தார்கள். பசியாலும் காலராவாலும் வழியிலே மடிந்தவர் அநேகர். 1869-ல் அங்கே இலைத் துருநோய் தோன்றி, இருபது வருஷங்களுக்குள் காப்பியை அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. காப்பிக்குப் பெயர் இருந்தது, துரைக்குப் பெயர் இருந்தது. பறித்த கைக்கு மட்டும் பெயரில்லை.

இன்று நம் தேசத்துக் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை 10 ஹெக்டேருக்குக் குறைந்தவை. விளைச்சலில் பெரும்பங்கு கப்பலேறி, இத்தாலி முதலிய தேசங்களுக்குப் போகிறது. சிவந்த பழத்தை மட்டும் தேர்ந்து பறிப்பதற்கு நாளும் கூலியும் அதிகம் பிடிக்கும். பச்சையும் பழுப்புமாக உருவிப் போட்டதற்கும் அதே விலைதான் என்றால், எந்த விவசாயி அந்தச் சிரமத்தை ஏற்பான்? வேற்றுமையை நாவால் உணர்ந்து, அதற்குரிய விலையைத் தரும் குடும்பங்கள் உள்நாட்டிலேயே பெருக வேண்டும். அப்போதுதான் உயர்ந்த பருப்பு நம் வீட்டிலும் மணக்கும்; உழைத்தவனுக்கும் நியாயம் கிடைக்கும்.

ஆகவே அடுத்த முறை காப்பிக் கடையில் "பீபரியா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்த மலை? எந்த வருஷத்து விளைச்சல்?" என்றும் கேளுங்கள். முதல் நாள் கடைக்காரர் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் பலகையில் எழுதியே மாட்டிவிடுவார்.