சீதனம் கொடுத்த பள்ளிக்கூடம்

திருப்பூரை ஒட்டிய பல்லடம், அவிநாசிப் பக்கம் ‘ஹாஸ்டல்’ என்றாலே மில் ஹாஸ்டல்தான். தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஏஜென்ட் வேனில் ஏற்றிவரும் பெண் பிள்ளைகள் அங்கே தங்கி நூற்பாலையில் ஷிப்ட் பார்ப்பார்கள். மூன்று வருடம் முடிந்தால் கலியாணத்துக்கென்று 30,000, 50,000 என ஒரு தொகை. சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று அதற்கு மங்கலமான பெயர்கள். பாதியில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை வந்து சேரவே இல்லை.

கலியாணப் பணத்தைக் காட்டிப் பெண்ணை விடுதியில் நிறுத்துவதைத் தமிழர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். 1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். இவர் கணவர் மிரன் வின்ஸ்லோதான் பின்னாளில் பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டவர். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று ஊர் கேட்ட காலம். பிள்ளைகளை உள்ளே இழுத்தது ஊசியும் நூலும்தான் என்கிறது பள்ளியின் பழங்கதை: தைக்கக் கற்றுக்கொண்டால் தைத்த சட்டை உனக்கே. சோறும் துணியும் இலவசம். கலியாணம் வரை தங்கிப் படித்தவளுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது.

மிஷனுக்கும் இதில் கணக்கு இருந்தது. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படிக்கும் பையன்களுக்குக் கிறிஸ்தவ மனைவியர் வேண்டியிருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் உடுவிலை விட்டுப் போன பெண் எழுதவும் படிக்கவும் தெரிந்தவளாகப் போனாள், பலர் ஆசிரியைகளானார்கள். 1840-இல் அதே மிஷனிலிருந்து வந்த எலைசா ஆக்னியூ, ஏறக்குறைய நாற்பது வருடம் அங்கேயே இருந்து, தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்னார். ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை. சீதனம் கொடுத்துப் பிள்ளை சேர்த்த பள்ளிக்குப் பிற்பாடு பெற்றோர் கட்டணம் கட்டிப் பிள்ளை அனுப்பினார்கள். 2024-இல் அதற்கு இருநூறு வயது நிறைந்தது.

நாகர்கோவிலிலும் ஊசிதான் பள்ளியைத் தாங்கியது. லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் தன் விடுதிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதை விற்ற காசு பள்ளிக்குப் போனது. தோள்சீலை அணியும் உரிமைக்காக அடிபட்ட சமூகங்களின் பெண்கள் அங்கே சேர்ந்து படித்தார்கள். கைவேலையும் எழுத்தும் ஒரே கூரையின்கீழ் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலோ கைமடிக்கவும் செக்கிங் பார்க்கவும் வரும் பெண், பள்ளியை விட்டுவிட்டு வருகிறாள்.

கலியாணப் பணத்தைப் படிப்புப் பணமாக மாற்ற முடியும் என்பதற்கு நம் அரசே சாட்சி. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் தந்த திருமண உதவி, 2022-இல் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் இது நீண்டது. பழைய மிஷன் பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

பத்தாம் வகுப்போடு மில் வேனில் ஏறியவளுக்கு அந்த ஆயிரம் கிடையாது. அவளுக்குக் கட்டிலும் சோறும் கொடுக்கும் முதலாளிகளால் ஒரு வகுப்பறையும் கொடுக்க முடியும். ஷிப்ட் முடிந்ததும் பிளஸ் டூ பாடம் நடத்த ஆசிரியர்களை அமர்த்தட்டும். பேசிய தொகையை மூன்றாம் வருடக் கடைசிவரை பிடித்து வைக்காமல் மாதாமாதம் அவள் கணக்கில் போடட்டும்.