கட்டிப்போட்டால் விழமாட்டார்களா?

முதுமைக்கு ஓர் இல்லம் – 9

படுக்கைப் புண்களின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் ஊழியர் எண்ணிக்கை என்று அறிவித்திருந்தோம். ஆனால் 1992இல் வெளியான ஓர் ஆய்வு குறுக்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

1980களில் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சாதாரணமாகக் கண்ணில் படும் காட்சி இது. கூடத்தில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள். உட்கார்ந்திருப்பவர்களில் பலரது உடம்பில் கையில்லாத ஒரு துணி அங்கி. அதன் பட்டைகள் மார்பின் குறுக்கே ஓடி, நாற்காலியின் முதுகுப்புறம் கைக்கு எட்டாத இடத்தில் முடிச்சிடப்பட்டிருக்கும். கை அசையும், எழுந்து நிற்க மட்டும் முடியாது. சிலருக்கு இடுப்பு வார். வேறு சிலருக்கு நாற்காலிக்கு முன்னால் பூட்டிய பலகை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் இப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள்.

பெரும்பாலும் இதற்குக் கொடுமை காரணமில்லை, பயம்தான் காரணம். அவிழ்த்துவிட்டால் விழுவார், இடுப்பெலும்பு முறியும், பிள்ளைகள் வழக்குப் போடுவார்கள். பாதுகாப்புக்காகத்தான் கட்டுகிறோம் என்று எல்லோரும் மனதார நம்பினார்கள்.

யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி அந்த நம்பிக்கையைக் கணக்குப் பார்த்தார். தொடக்கத்தில் சொன்ன 1992 ஆய்வு அதுதான். கனெக்டிகட் மாநிலத்தில் 12 இல்லங்கள், நடமாட்டம் உள்ள, அதுவரை கட்டப்படாத 397 முதியவர்கள், ஓராண்டுக் கண்காணிப்பு. அந்த ஓராண்டுக்குள் 122 பேர் கட்டப்பட்டார்கள். கட்டப்படாத 275 பேரில் விழுந்து பலத்த காயம் அடைந்தவர்கள் 15 பேர். கட்டப்பட்ட 122 பேரில் 21 பேர். அதாவது நூற்றுக்கு 5 எங்கே, 17 எங்கே!

பலவீனமானவர்களைத்தானே கட்டியிருப்பார்கள், அவர்கள் அதிகம் விழுவது இயல்புதானே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அந்த வேறுபாடுகளையெல்லாம் கணக்கில் கொண்ட பிறகும், கட்டப்பட்டவர்களுக்குக் காயம் கூடுதலாகவே இருந்தது.

யோசித்தால் புரிகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் கால்களில் தசை கரைந்துபோகிறது. அவிழ்க்கும் நேரத்தில் உடம்பைத் தாங்க அவற்றுக்குத் தெம்பு இருப்பதில்லை. அவிழ்க்காத நேரத்திலோ, மனிதர்கள் முடிச்சோடு மல்லுக்கட்டுகிறார்கள். கட்டிலின் தடுப்புக் கம்பி வழியாக இறங்கப் பார்த்து இடுக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். 1985 முதல் 2008 முடிய, கட்டில் கம்பிகளில் சிக்கியதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 803 புகார்கள் வந்தன. இறந்தவர்கள் 480 பேர். பாதுகாப்புக்காக வைத்த கம்பி!

கட்டாமலே நடத்திக்காட்டிய இடமும் அதே நாட்டில் இருந்தது. பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1973இல் தொடங்கிய கெண்டல் இல்லம், ஆரம்பத்திலிருந்தே முதியவர்களைக் கட்டுவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருந்தது. இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. மனநோயாளிகளைச் சங்கிலியில் பூட்டுவது வழக்கமாக இருந்த காலத்தில், 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சங்கிலி இல்லாத ஒரு விடுதியைத் திறந்த வில்லியம் டியூக்கும் குவேக்கர்தான். தேயிலை வியாபாரி, மருத்துவர் அல்லர். ஏறக்குறைய இருநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே சமூகம் ஒரே முடிச்சை இருமுறை அவிழ்த்திருக்கிறது.

அமெரிக்காவில் 1987இல் வந்த பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம், தண்டனைக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ யாரையும் கட்டக் கூடாது என்றது. சட்டம் சரி, இரவுப் பணியில் தனியாக நிற்கும் நர்ஸ் என்ன செய்வார்? அதற்கு வழி காட்டியவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நர்ஸிங் பேராசிரியர்கள் லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்ட்ரம்ப். மூன்று இல்லங்களில் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். வகுப்பு மட்டும் எடுத்த இல்லத்தில் கட்டுவது 23 விழுக்காடு குறைந்தது. வகுப்போடு, அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் ஊழியர்களுடன் உட்கார்ந்து ஒவ்வொரு முதியவரைப் பற்றியும் பேசிய இல்லத்தில் 56 விழுக்காடு. கூடுதல் ஆள் போடவில்லை. பலத்த காயங்களும் கூடவில்லை.

அப்படி என்ன பேசினார்கள்? இவர் ஏன் எழுந்திருக்கப் பார்க்கிறார் என்பதைத்தான். சிறுநீர் முட்டுகிறது, சொல்லத் தெரியவில்லை. முதுகு வலிக்கிறது. பசிக்கிறது. நாற்காலி உயரம் பொருந்தவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது சின்ன வேலை: நேரம் பார்த்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போவது, கட்டிலைத் தரையோடு தாழ்த்துவது, பக்கத்தில் ஒரு மெத்தை விரிப்பது.

2010களில் கட்டப்படுவோர் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஆனால் துணிப்பட்டை போன இடத்தில் பல இல்லங்களில் மாத்திரை வந்து உட்கார்ந்தது. மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளை மறதி நோயாளிகளுக்குக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று 2005 ஏப்ரலில் அரசே எச்சரித்தும் அது தொடர்ந்தது. அந்தக் கதையோடு, இந்த வாரம் வந்திருக்க வேண்டிய ஊழியர் கணக்கும் அடுத்த இதழில்.

(தொடரும்)