எந்த ஆணை செல்லும்?

கணிப்பொறிக் கூடத்தில் ஒரு மாணவருக்கு மட்டும் பென் டிரைவ் திறக்க மறுத்தால், பழி அவர்மீதே விழுகிறது. காரணம் எங்கோ மேலிடத்து ஆணையாகவும் இருக்கலாம். விண்டோஸ் 2000-இல் அறிமுகமான ‘குரூப் பாலிசி’ ஆணைகள் 4 படிகளில் வருகின்றன: முதலில் அக்கணிப்பொறியிலேயே உள்ளவை, பின்னர் சைட், டொமைன், நிருவாகப் பிரிவு என்பவற்றுக்குரியவை. முரண்பட்டால் கடைசியில் வந்ததே செல்லும். மேற்படியில் ‘கட்டாயம்’ எனக் குறித்தது மட்டும் மாறாது. ஆகவே ஆணைகளைப் படித்து ஊகித்தல் போதாது. ‘ஜிபிரிசல்ட்’ என்னும் கட்டளையை அவர் கணக்கில், அதே கணிப்பொறியில் இட்டால், அவருக்குச் சென்ற ஆணைகளும் தள்ளப்பட்டவையும், தள்ளியதன் காரணமும் தெரியவரும். கணிப்பொறிக்குரிய பகுதியைக் காண நிருவாகி உரிமை வேண்டும். இதைப் பலரும் மறந்து பாதி விடையோடு திரும்புவர். திருத்திய ஆணை இயல்பாக வந்துசேர 90 முதல் 120 நிமிடம் வரை ஆகலாம்.