சூயிங்கம் கம்பெனியின் பறக்கும் இயந்திரம்... தரையிறங்கும்போது கவிழ்ந்த அமெலியா இயர்ஹார்ட்!

1931 செப்டம்பர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மிஷிகன் மாநிலப் பொருட்காட்சி. கூட்டத்துக்கு முன்னால், தலைக்கு மேல் பெரிய விசிறி சுழல ஒரு விநோத விமானம் மெதுவாக இறங்குகிறது. ஓட்டுவது, அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடந்த முதல் பெண் என்று புகழ்பெற்ற அமெலியா இயர்ஹார்ட்.

தரையைத் தொட்ட விமானம் நிலை தடுமாறித் திரும்புகிறது. விசிறியின் இறக்கைகள் தரையில் அடித்து நொறுங்குகின்றன. பதறி ஓடிவந்த கணவர் ஜார்ஜ் புட்னம், வழியிலிருந்த கம்பியில் தடுக்கி விழுகிறார். அமெலியாவுக்குக் காயமில்லை. கணவருக்குத்தான் விலா எலும்பில் அடி!

அந்த விநோத விமானத்தின் பெயர் ஆட்டோகைரோ. இன்றைய கைரோகாப்டரின் பாட்டி. 'பயமே இல்லாமல் இறங்கலாம்' என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்த இயந்திரம், இறங்கும்போதே கவிழ்ந்தது எப்படி?

பனையோலைக் காற்றாடி தத்துவம்

பார்க்க ஹெலிகாப்டர் மாதிரி இருந்தாலும் இது ஹெலிகாப்டர் இல்லை. ஹெலிகாப்டரில் மேலே உள்ள விசிறியை இன்ஜின் சுற்றும். ஆட்டோகைரோவில் இன்ஜின் விமானத்தை முன்னால் இழுக்கும். மேல் விசிறி எதிர்க்காற்றில் தானாகவே சுற்றும். பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்களே, அதேதான். இங்கே ஓடும் பிள்ளை, முன்னால் இருக்கும் இன்ஜின்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு இன்ஜினீயர் ஹுவான் டி லா சியர்வா. வேகம் குறைந்தால் சாதாரண விமானத்தின் இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்துவிடும். 1919-ல் அவர் வடிவமைத்த விமானம் ஒன்று அப்படித்தான் விழுந்தது. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் வேண்டும் என்று உழைத்தவர், 1923 ஜனவரியில் ஆட்டோகைரோவைப் பறக்க வைத்தார். நடுவானில் இன்ஜின் நின்றால்கூட, விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். விமானம் மெதுவாக இறங்கும்.

ஓட்டுபவர் அமெலியா... ஓனர் யார்?

அமெரிக்காவில் தயாரிக்கும் உரிமையை வாங்கியவர் ஹெரால்டு பிட்கெய்ரன். அவருடைய 'பிசிஏ-2' மாடலின் விலை 15,000 டாலர். பொருளாதார மந்தநிலை வாட்டிய காலத்தில் சாமானியர்கள் நெருங்க முடியாத தொகை. அதனால் வாங்க வந்தவர்களில் முக்கியமானவை, பெயர் பரவினால் போதும் என்று நினைத்த நிறுவனங்கள்.

1931 ஏப்ரலில் பிசிஏ-2 வகையில் 18,415 அடி உயரம் பறந்து சாதனை படைத்த அமெலியா, சொந்தமாக ஒன்று வாங்க ஆர்டர் கொடுத்திருந்தார். அப்போது குறுக்கே வந்தது பீச்நட் என்ற சூயிங்கம், உணவுப்பொருள் கம்பெனி. 'நாங்களே வாங்கித் தருகிறோம், எங்கள் பெயரோடு நாடு முழுக்கப் பறந்து வாருங்கள்' என்பதுதான் டீல். தன் ஆர்டரை ரத்து செய்துவிட்டு அமெலியா கிளம்பினார்.

ஊர் ஊராக இறங்கி, கூட்டத்துக்கு முன் பறந்து காட்ட வேண்டும். ஜூன் 6-ம் தேதி மேற்குக் கரையை அடைந்தால், அங்கே ஏமாற்றம். ஜானி மில்லர் என்ற விமானி, சொந்தக் காசில் வாங்கிய பிசிஏ-2-ல் மே மாதமே நாட்டைக் கடந்துவிட்டார். திரும்பும் வழியில், டெக்சாஸின் அபிலீன் ஊரில் கிளம்பும்போது விமானம் கீழே வந்து, நின்றுகொண்டிருந்த கார்கள்மீது மோதியது. காற்றுச்சுழலே காரணம் என்பது அமெலியாவின் விளக்கம். அரசு விமானத்துறை ஏற்கவில்லை. கவனக்குறைவு என்று கண்டனக் கடிதம் அனுப்பியது. விமானம் கம்பெனியுடையது. கெட்ட பெயர் ஓட்டியவருக்கு.

இறங்கும்போது என்ன சிக்கல்?

டெட்ராய்ட் விபத்துக்குச் சக்கர அமைப்பில் இருந்த கோளாறே காரணம் என்று அமெலியா அம்மாவுக்கு எழுதினார். ஆனால், பிசிஏ-2-ன் வடிவமைப்பிலேயே ஒரு பலவீனம் இருந்தது. விமானத்தைச் சாய்க்க, திருப்ப அதில் இருந்தவை குட்டி இறக்கைகளும் வால் பகுதியும்தான். காற்று வேகமாக மோதினால்தான் அவை வேலை செய்யும். ஆட்டோகைரோவின் பெருமையோ மிகக் குறைந்த வேகத்தில் இறங்குவது! தரையைத் தொடும் அந்தக் கடைசி நொடிகளில், விமானியின் கையில் ஸ்டிக் இருக்கும். அதற்குப் பிடிப்பு இருக்காது. மேலே 45 அடி அகல விசிறி சுழன்றுகொண்டிருக்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் முதலில் அடிவாங்குவது அதுதான்.

இதைச் சரிசெய்தவரும் சியர்வாதான். சில ஆண்டுகளில், விசிறியையே சாய்த்துத் திருப்பும் 'சி.30' மாடலைக் கொண்டுவந்தார். குட்டி இறக்கைகள் தேவைப்படவில்லை. இன்றைய கைரோகாப்டர்களும் இப்படித்தான் பறக்கின்றன.

கைமாறிய கதைகள்

பிசிஏ-2-களில் சில இன்றும் இருக்கின்றன. டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை வாங்கியது, அதே ஊர்ப் பக்கத்தில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் நிற்கிறது. ஸ்பார்க் பிளக் தயாரித்த சாம்பியன் கம்பெனியின் 'மிஸ் சாம்பியன்', பல ஆண்டுகள் கழித்து பிட்கெய்ரனின் மகன் ஸ்டீபன் கைக்கு வந்தது. அப்பா தயாரித்ததை மகன் புதுப்பித்து, மறுபடி பறக்க வைத்தார். இப்போது அது ஆஷ்கோஷ் நகர மியூசியத்தில்.

அமெலியா? டெட்ராய்ட் விபத்து நடந்த எட்டே மாதத்தில், 1932 மே மாதம், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்தார். ஆட்டோகைரோவில் அல்ல, சாதாரண இறக்கை வைத்த லாக்ஹீட் வேகா விமானத்தில்.

சியர்வாவின் முடிவுதான் நெஞ்சைத் தைக்கிறது. விழாத விமானம் செய்யத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர், 1936 டிசம்பரில் லண்டனின் கிராய்டன் நிலையத்திலிருந்து பயணியாகப் புறப்பட்டார். கிளம்பிய சில நொடிகளில் விமானம் விழுந்து, 41 வயதில் இறந்துபோனார். அவர் ஏறியிருந்தது ஒரு சாதாரண பயணிகள் விமானம்.