தேதி போட்டு ஒரு கடிதம்

அமெரிக்காவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வாசிக்கத் திணறுகிறாள். டீச்சரிடம் சொல்கிறீர்கள். "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்கிறார். அடுத்த சந்திப்பிலும் அதே பதில். இப்படியே ஒரு வருஷம் போய்விடும். டீச்சர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

அதனால் எழுதிக் கொடுங்கள். "என் மகளுக்கு ஸ்பெஷல் எஜுகேஷன் மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்று தேதியோடு பிரின்சிபாலுக்கும், பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல். கண்ணால் பார்த்த இரண்டு மூன்று விஷயங்களையும் சேருங்கள்: நேற்று வாசித்த சொல் இன்று மறந்துபோகிறது, ஒரு பக்க வீட்டுப்பாடத்துக்கு இரண்டு மணி நேரமாகிறது. டாக்டர் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். செலவு பள்ளியுடையது. 1975இல் வந்து இன்று ஐடியா என்று அழைக்கப்படும் கூட்டாட்சிச் சட்டம் 3 வயது முதல் 21 வரை இந்த உரிமையைத் தருகிறது. விசாவில் இருப்பவர் பிள்ளைக்கும் இது பொருந்தும். நம்மவர்கள் பலர் வாய் திறக்கத் தயங்குவது இந்த இடத்தில்தான் என்பதால் சொல்கிறேன்.

பள்ளி மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "முதலில் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம்" என்பதைச் சாக்காக வைத்து மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாதென்று மத்தியக் கல்வித் துறை 2011இலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், மதிப்பீடும் நடக்கட்டும்.

பள்ளி சம்மதித்தால் ஒப்புதல் படிவம் வரும். நீங்கள் கையெழுத்திட்ட படிவம் பள்ளிக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். பொது விதி 60 நாள்; மாநிலங்கள் வேறு கெடு வைத்துக்கொள்ளலாம். டெக்சஸில் 45 பள்ளி நாட்கள். கோடை விடுமுறை அதில் சேராது, ஆகவே மே மாதம்வரை இழுக்காதீர்கள்.

தமிழ் வீடுகளுக்கு அதிமுக்கியமானது மொழி. குழந்தையின் தாய்மொழியில் சோதிக்க முடியுமானால் அப்படித்தான் சோதிக்க வேண்டும். ஆங்கிலம் போதாததை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. இதைச் சட்டமே சொல்கிறது. ஆனால் தமிழ் தெரிந்த பேச்சு நிபுணர் எல்லா ஊரிலும் கிடைப்பாரா? அங்கே உங்கள் உதவி வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் 'தி'யையும் 'எ'யையும் விடுகிறாளா? தமிழில் அவற்றைப் போலக் கட்டாயமாக வர வேண்டிய சொல் இல்லை. ஆங்கில 'p' ஒலியும் 'b' ஒலியும் குழம்புகின்றனவா? நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து 'ப'தான். இவற்றைக் கோளாறாக எண்ணிவிடாதபடி எடுத்துச் சொல்லுங்கள். மாறாக, பாட்டியிடம் போனில் பேசும்போதும் சொல் தேடித் தடுமாறுகிறாளா, தமிழில் கேட்ட கதையைத் திருப்பிச் சொல்ல முடியவில்லையா? இரண்டு மொழியிலும் தெரிகிற சிக்கல் கவனிக்க வேண்டியது. ஐந்து நிமிடம் பதிவுசெய்து எடுத்துப்போங்கள். "வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்று யாராவது அறிவுரை சொன்னால் கேட்க வேண்டாம். இருமொழி வளர்ப்பு பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை.

சோதனை ஒன்றோடு முடியாது. உளவியலாளர் பார்ப்பார், வகுப்பில் கவனிப்பார்கள், உங்களிடமும் கேட்பார்கள். அறிக்கையின் நகல் இலவசம். தகுதியை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் அப்போதே சொல்லிவிடலாம். தகுதி பெற, சட்டத்திலுள்ள 13 குறைபாட்டு வகைகளில் ஒன்றில் பொருந்துவதோடு, சிறப்புக் கல்வி தேவை என்பதும் தெரிய வேண்டும். மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தும் சிலருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். முடிவு தவறென்று பட்டால், பள்ளியின் செலவிலேயே வெளி நிபுணரின் மதிப்பீடு கேட்கலாம். பள்ளி அதற்குப் பணம் தர வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியென்று விசாரணையில் நிறுவ வேண்டும்.

தகுதி உண்டென்றால் 30 நாளுக்குள் ஐஇபி எனும் தனிக் கல்வித் திட்டத்துக்கான கூட்டம். மேசையைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்திருக்க, பேனா உங்கள் பக்கம் நகரும். மதிப்பீட்டுக்குத் தந்த ஒப்புதல் இதற்குச் செல்லாது, இது தனிக் கையெழுத்து. காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி நிதானமாகப் படித்துவிட்டு மறுநாள் போட்டால் யாரும் தடுக்க முடியாது.